சூரத்தின் கல்லறைகளும் ஓர் ஆங்கிலக் கட்டடக் கலைஞரின் முந்நூறாம் ஆண்டும்

இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாட்டுப்புற மாளிகைகள் சிலவற்றை எழுப்பிய சர் ஜான் வான்பரோ, 1726ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் லண்டனில் காலமானார். அவர் மறைந்து முந்நூறு ஆண்டுகள் நிறைவுறுவதை முன்னிட்டு, அந்நாட்டின் ஜார்ஜியன் குழுமம் எனும் பழங்கட்டடப் பாதுகாப்பு அமைப்பு 2026ஆம் ஆண்டு முழுவதற்குமான விழா நிகழ்ச்சிகளை வகுத்தது. பிளென்ஹைம், காசில் ஹவர்டு, கிரிம்ஸ்தார்ப், கிம்போல்டன், சீட்டன் டெலவல், ஸ்டோ ஆகிய ஆறு மாளிகைகள் இதில் ஒன்றிணைந்தன. தேசிய லாட்டரி மரபு நிதியம் பொருளுதவி செய்தது. லண்டனில் உள்ள சர் ஜான் சோன் அருங்காட்சியகம் அவருடைய வரைபடங்களைக் கொண்டு தனிக் கண்காட்சி ஒன்றினை ஏற்பாடு செய்தது.

எங்கோ ஒரு தீவில் பிரபுக்களுக்கு மாளிகை கட்டிக் கொடுத்த ஒருவரின் நினைவு விழாவைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் வினவலாம். நியாயமான வினாவே. அதற்கான விடை சூரத்தில் இருக்கிறது. தபதி ஆற்றங்கரையில் முகலாயப் பேரரசின் தலைமைத் துறைமுகமாய் விளங்கிய அந்நகரில், ஔரங்கசீபின் ஆட்சிக் காலத்தில், தம் இருபதாம் வயதை ஒட்டிய பருவத்தில் வான்பரோ கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகப் பணியாற்றினார். இச்செய்தியை அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் அறிந்திருக்கவில்லை. கெரி டௌன்ஸ் எனும் பேரறிஞர் 1987இல் வெளியிட்ட விரிவான வரலாற்றிலும் இது இடம்பெறவில்லை. கம்பெனியின் பழைய ஆவணங்களைத் துருவி, ராபர்ட் வில்லியம்ஸ் எனும் ஆய்வாளர் 1999ஆம் ஆண்டளவில்தான் இதனை வெளிக்கொணர்ந்தார். முந்நூறாம் ஆண்டு விழாவில் பேசப்படும் வான்பரோ, இருநூற்றைம்பதாம் ஆண்டில் பேசப்பட்டிருக்கக்கூடிய வான்பரோ அல்லர் என்பதற்கு இந்த ஒரு கண்டுபிடிப்பே போதுமான சான்றாகும்.

முதலில் மனிதரைப் பார்ப்போம். 1664ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய தந்தைவழி முன்னோர் சமயத் துன்புறுத்தலுக்கு அஞ்சி ஃபிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து குடிபெயர்ந்த புராட்டஸ்டண்டு வணிகர்கள். தந்தையார் செஸ்டர் நகரில் குடியேறித் தொழில் செய்து வந்தார். பெரிய குடும்பம், மூத்த மைந்தர் பிழைப்புக்கு வழி தேட வேண்டியிருந்தது. 1683இல், அதாவது ஹிஜ்ரி 1094ஆம் ஆண்டளவில், கம்பெனியின் பண்டகசாலை அலுவலராக நியமனம் பெற்றுக் கப்பலேறினார். 1685இல் வேலையைத் துறந்து நாடு திரும்பினார். பின்னர் படையில் சேர்ந்தார். 1688இல் பிரான்சின் கலே துறைமுகத்தில் கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் சிறையில் கழித்தார். அவற்றுள் கடைசிச் சிறை பாரிசின் பாஸ்டில் கோட்டை. விடுதலை பெற்றபின் நாடகம் எழுதலானார். 1696இலும் 1697இலும் அரங்கேறிய அவருடைய இரு நகைச்சுவை நாடகங்கள் பெரும் புகழையும், அதற்கு நிகரான கண்டனத்தையும் ஈட்டித் தந்தன. ஜெரமி காலியர் எனும் பாதிரியார் 1698இல் நாடக மேடையின் ஒழுக்கக் கேட்டைச் சாடி எழுதிய நூலில் அவரையும் விட்டுவைக்கவில்லை.

இத்தகையவர் 1699ஆம் ஆண்டில் திடீரெனக் கட்டடக் கலைஞராகிறார். அதற்குமுன் ஒரு கொட்டகையேனும் கட்டியவர் என்பதற்குச் சான்று கிடையாது. கார்லைல் பிரபு யார்க்ஷயரில் தமக்கொரு மாளிகை கட்ட விழைந்து, தொழில்முறைக் கலைஞரான வில்லியம் டால்மனை விலக்கிவிட்டு, தம் நண்பரான இந்த நாடகாசிரியரிடம் பணியை ஒப்படைத்தார். அதுவே காசில் ஹவர்டு. எண்ணமும் வீச்சும் வான்பரோவுடையவை. அவற்றைக் கணக்கிட்டு, வரைந்து, கல்லாக்கும் நுட்பம் நிக்கலஸ் ஹாக்ஸ்மூர் எனும் தேர்ந்த வினைஞருடையது. ஜோனதன் ஸ்விஃப்ட் இந்தத் திடீர் மாற்றத்தை எள்ளிக் கவிதை எழுதினார். ஆயினும் அம்மாளிகையின் மேல் எழுந்த குவிமாடம், ஆங்கில நாட்டுத் தனியார் இல்லம் ஒன்றின்மீது எழுந்த முதற் பெருங்குவிமாடம் என்று போற்றப்படுகிறது. 1940 நவம்பரில் மூண்ட தீயில் அது வீழ்ந்தது; 1960களின் தொடக்கத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது.

இனி சூரத்துக்குச் செல்வோம்.

அக்காலச் சூரத் எத்தகைய நகரம் என்பதை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மக்காவின் வாயில் என்றே அது அழைக்கப்பட்டது. இந்துஸ்தானத்தின் பல மூலைகளிலிருந்தும் ஹஜ்ஜுப் பயணிகள் வந்து திரண்டு, ஜித்தாவுக்குக் கப்பலேறிய துறை அது. ஷாஜஹானின் காலத்தில், 1644ஆம் ஆண்டளவில் பயணிகளுக்கெனக் கட்டப்பட்ட சத்திரம் இன்றும் முகல் சராய் என்ற பெயருடன் நிற்கிறது. சூரத் மாநகராட்சியின் தலைமை அலுவலகம் அதில்தான் இயங்குகிறது. போரா வணிகரான முல்லா அப்துல் கஃபூர், ஐரோப்பியக் கம்பெனிகளும் அஞ்சும் அளவுக்குப் பெரியதொரு வணிகக் கப்பற்படையை உடையவராக உயர்ந்தது இத்துறைமுகத்தில்தான். சிவாஜியின் படைகள் 1664இலும் 1670இலும் நகரைச் சூறையாடியிருந்தன. அதன்பின்னும் அது தளரவில்லை.

ஆங்கிலேயர் அங்கே ஆள்வோர் அல்லர். முகலாயப் பேரரசின் அனுமதியால் 1613 முதல் பண்டகசாலை நடத்திய வணிகர் மட்டுமே. இளைஞர் வான்பரோ கண்ட இந்தியா, ஆங்கிலேயன் தலைநிமிர்ந்து நடந்த பிற்கால இந்தியா அன்று. அவர் அங்கிருந்த நாட்களில் பம்பாயில் கம்பெனியின் சொந்தப் படைத்தலைவரான ரிச்சர்டு கெய்க்வின் கலகம் செய்து ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார். அவர் திரும்பிய சில ஆண்டுகளில் சர் ஜோசையா சைல்டின் வழிகாட்டுதலில் கம்பெனி முகலாயருடன் போர் தொடுத்து, தோற்று, ஔரங்கசீபிடம் மன்னிப்பு வேண்டி நின்றது. 1687இல் அதன் மேற்குக்கரைத் தலைமையிடம் பம்பாய்க்கு மாறியது. ஆகவே, சூரத்தின் சிறப்பு நாட்களின் அந்திமத்தில், அடங்கி வாழும் அந்நியனாக அவர் அந்நகரைக் கண்டார் எனலாம். அந்நியன் காணும்போது கண்கள் கூர்மையாகவே இருக்கும்.

அங்கே அவர் கண்டவற்றுள் ஒன்று அவருடைய நெஞ்சில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தங்கியிருந்தது. அதுதான் நகருக்குப் புறத்தே அமைந்திருந்த ஆங்கிலேயரின் இடுகாடு.

சூரத்தில் மாண்ட ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் தம்மவர்க்கு எழுப்பிய கல்லறைகளை இன்று காண்போர் வியப்படைவர். அவை கிறித்தவக் கல்லறைகள் போன்று தோன்றுவதில்லை. குவிமாடமும், வளைவு வாயில்களும், மூலைகளில் சிறு கோபுரங்களும் உடையனவாய், முகலாயப் பிரமுகர்களின் சமாதி மண்டபங்கள் போன்றே காட்சியளிக்கின்றன. அவற்றுள் தலையாயது ஆக்ஸிண்டன் சகோதரர்களின் மண்டபம். இளையவர் கிறிஸ்டஃபர் 1659இலும், சூரத்தின் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் 1669இலும் மறைந்தனர். தம்பியின் குவிமாடத்தைத் தன்னுள் அடக்கி, அதன்மேல் அண்ணனுக்காக மற்றொரு நிலை எழுப்பப்பட்டு, ஈரடுக்காக அது உயர்ந்தது. வான்பரோ வந்திறங்கியபோது அதற்கு வயது பதினைந்துகூட ஆகியிருக்காது. சுண்ணச் சாந்தின் வெண்மை மங்கியிராது. சில ஆண்டுகளுக்குப் பின் 1689இல் அங்கு வந்த பாதிரியார் ஜான் ஓவிங்டன், ஐரோப்பியர் இத்தகைய கல்லறைகளைக் கட்டுவதில் ஒருவரையொருவர் விஞ்ச முயன்றதைத் தம் பயண நூலில் குறிப்பிடுகிறார். மலபாரின் மூலிகைகளைப் பற்றிய பெருந்தொகுதியைத் தொகுப்பித்த ஒல்லாந்தர் ஹெண்ட்ரிக் வான் ரீட் 1691இல் மறைந்தபோது, அவருக்கு எழுப்பப்பட்ட எண்கோண மண்டபம் இப்போட்டியின் உச்சம் எனத் தகும்.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் அரியணையில் இருந்தவர் ஔரங்கசீப். 1707இல் அவர் மறைந்தபோது குல்தாபாதில், மேற்கூரையற்ற எளிய மண் கப்றில் அடக்கப்பட்டார். அவருடைய விருப்பமும் அதுவே. கப்றுகளின்மீது கட்டடம் எழுப்புவதை நபிமொழி தடுத்திருப்பதும், அதுபற்றி உலமாக்கள் நெடுக விவாதித்து வந்திருப்பதும் நாம் அறிந்தவை. தாஜ்மஹாலைக் கட்டியவரின் மைந்தர் தமக்கென ஒரு குவிமாடமும் வேண்டாம் என்ற அதே தலைமுறையில், அந்நிய வணிகர்கள் தம் இறந்தோர்க்குக் குவிமாடம் எழுப்பிக் கொண்டிருந்தனர். முகலாயப் பெருமக்களின் மதிப்பு எதில் வெளிப்படுகிறது என்று அவர்கள் கருதினரோ, அதனை அப்படியே தாமும் கைக்கொண்டனர். மார்க்கம் எதைக் கூறுகிறது என்பது அவர்களுடைய கவலையன்று. சந்தையில் தம் கௌரவம் எவ்வளவு என்பதே கவலை. பிற்காலத்தில் வெற்றி பெற்றவர்கள் தம் பாணியைத் தோற்றவர்மீது சுமத்தினார்கள் என்று படிக்கிறோம். சூரத்தில் நடந்தது நேர்மாறு. வலிமையற்ற அந்நியன் ஆளும் இனத்தாரின் பாணியை இரவல் வாங்கினான்.

நம் தமிழகத்திலும் இதன் கிளை உண்டு. சென்னைக் கோட்டைக்கு வெளியே ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இருந்தது. பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடம் அது. அங்கும் உயர்ந்த கல்லறைகள் நின்றன. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அக்கல்லறைகளே அவருடைய வீரர்களுக்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியதும் ஆங்கிலேயர் அவற்றை இடித்து, கல்வெட்டுப் பலகைகளைக் கோட்டைக்குள் புனித மரியாள் ஆலய முற்றத்தில் பாவினர். எலிஹு யேலின் மைந்தனுக்கும் ஜோசப் ஹின்மர்ஸுக்கும் உரிய கூர்நுனிக் கல்லறை அவ்விடத்தில் எஞ்சிய சின்னங்களுள் ஒன்றாக நிலைத்தது. செத்தவர்க்கு உயரம் கூடினால் இருப்பவர்க்கு ஆபத்து என்பதைச் சென்னை ஆங்கிலேயர் இப்படி ஒரு விந்தையான வழியில் கற்றனர்!

லண்டன் நிலைமையோ முற்றிலும் வேறு. அங்கே இறந்தோர் தேவாலயங்களின் தரைக்கடியிலும், ஆலயத்தைச் சுற்றிய நெருக்கமான முற்றங்களிலும் புதைக்கப்பட்டனர். பணமுள்ளவர்க்கு உள்ளே இடம், மற்றவர்க்கு வெளியே. தொழுகைக்கு வருவோர் காலடியில் அழுகும் உடல்கள். 1711இல் லண்டனுக்கு ஐம்பது புதிய தேவாலயங்கள் கட்டுவதென நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, ஆணையர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழுவில் வான்பரோவும் ஓர் உறுப்பினர். அவர் அளித்த முன்மொழிவுகள் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ளன. புதிய ஆலயங்களுக்குள் எவரையும் அடக்கம் செய்யலாகாது. நகரின் விளிம்பில் நிலம் வாங்கி, மதிலெழுப்பி, மரங்கள் நட்டு, அங்கே இடுகாடு அமைக்க வேண்டும். செல்வர்கள் சுவர்களில் பதிக்கும் அற்பப் பளிங்குப் பலகைகளுக்குப் பதிலாக அங்கே கம்பீரமான சமாதி மண்டபங்கள் எழுப்பட்டும் என்பது அவர் கருத்து. இவ்வாறு சூரத்தில் ஆங்கிலேயர் ஏற்கெனவே செய்து வருகின்றனர் என்று பெயர் சுட்டி எழுதி, அவ்விடுகாட்டின் தோற்றத்தையும் சிறு படமாக வரைந்து இணைத்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய காட்சியை மறவாத கை வரைந்த படம் அது. அவர் யாரிடமோ கேட்டறிந்து எழுதினார் என்று முந்தைய ஆய்வாளர்கள் கருதிவிட்டனர். நேரிற் கண்டதை வரைந்தார் என்பது கம்பெனி ஆவணங்கள் வெளிப்பட்ட பின்னரே தெளிவாயிற்று.

இச்செய்தியைப் படிக்கும் நம்மவர்க்கு ஓர் ஆவல் எழுவது இயல்பு. ஐரோப்பியப் பொது இடுகாட்டின் தோற்றமே இஸ்லாமியக் கலாச்சாரத்தின் கொடை என்று முரசறைய மனம் துடிக்கும். அப்படிக் கூறுவதற்கு வரலாறு இடந்தரவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். அதே 1711ஆம் ஆண்டில் முதிய கட்டடக் கலைஞர் கிறிஸ்டஃபர் ரென்னும் ஆலயத்துக்குள் அடக்கம் செய்வதை எதிர்த்து, நகருக்குப் புறத்தே இடுகாடு வேண்டும் என எழுதினார். லண்டன் பெருந்தீயை அடுத்து ஜான் ஈவ்லின் அத்தகைய யோசனையை முன்வைத்தார். பண்டை ரோமர் தம் நகரெல்லைக்குள் பிணம் புதைப்பதைத் தடுத்திருந்தனர். அதைக் கற்றறிந்த ஆங்கிலேயர் பலரும் அறிந்திருந்தனர். ஆகவே, எண்ணம் சூரத்திலிருந்து மட்டும் வரவில்லை. சூரத் அளித்தது ஓர் உதாரணம். நூல்களில் படித்த பழைய ரோமை, தம் நாட்டவரே வாழும் ஊரொன்றில், வெயிலில் ஒளிரும் குவிமாடங்களாக வான்பரோ பார்த்தார். மற்றவர்கள் வாதிட்டபோது அவர் படம் காட்ட முடிந்தது. அவ்வளவே நாம் உறுதியாகச் சொல்லத்தக்கது. அதுவும் சிறிய விஷயமன்று.

மாளிகைகளின் தோற்றத்தைப் பற்றியும் இவ்வாறே எச்சரிக்கை வேண்டும். வான்பரோவின் கட்டடங்கள் வானத்தை நோக்கிச் செய்யும் ஆரவாரம் எவர் கண்ணிலும் படும். பிளென்ஹைமின் கூரைமேல் நிற்கும் வளைவுக் கோபுரங்கள், பிரிஸ்டல் அருகிலுள்ள கிங்ஸ் வெஸ்டன் மாளிகையில் புகைபோக்கிகளை வளைவுகளால் இணைத்து அமைத்த தொடர் ஆகியவற்றில், முகலாய மாடங்களின் சத்ரிகளைக் கண்டோர் உண்டு. அப்படியொரு நினைவு அவருடைய உள்ளத்தில் உறங்கியிருந்திருக்கலாம். ஆனால் எலிசபெத் காலத்து ஆங்கில மாளிகைகளின் கூரைகளும் இதே போன்ற கோலாகலம் உடையவையே. இடைக்காலக் கோட்டைகள்மீது அவருக்கிருந்த காதலும் யாவரும் அறிந்தது. கிரீனிச்சில் தமக்கெனக் கட்டிய வீட்டையே கோட்டை போல் கட்டியவர் அவர். சத்ரிகள்தாம் மூலம் என்பதற்கு அவருடைய எழுத்தில் ஒரு வரியும் சான்றில்லை. இடுகாட்டுக்குச் சான்று உண்டு, கூரைக்கு இல்லை. முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதை விட்டுவிடுவதே நமக்கு மரியாதை.

அவருடைய இடுகாட்டு எண்ணம் லண்டனில் நிறைவேறவில்லை. திட்டமிட்ட ஐம்பதில் கட்டி முடிந்தவை ஏறத்தாழ ஒரு டசன் ஆலயங்களே. 1804இல் பாரிசிலும், 1833இல் லண்டனின் கென்சல் கிரீனிலும் தோட்ட இடுகாடுகள் திறக்கப்படும்வரை நூறாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவிலோ ஆங்கிலேயர் தம் பழைய வழக்கத்தை விடவில்லை. கல்கத்தாவின் பார்க் தெரு இடுகாடு 1767இல் திறக்கப்பட்டு, கூம்புகளும் குவிமாடங்களுமாக நிறைந்தது. ஒரே நாட்டவர் கடலுக்கு இப்பால் ஒரு வழக்கமும் அப்பால் வேறொரு வழக்கமும் உடையவராக நெடுங்காலம் வாழ்ந்தனர்.

ஓரிடத்தில் மட்டும் அவர் கனவு பலித்தது. கார்லைல் பிரபு தம் முன்னோரைப் போல் ஊர்த் தேவாலயத்தில் அடங்க விரும்பாமல், காசில் ஹவர்டின் திறந்த நிலத்தில் குன்றின்மீது சமாதி மண்டபம் கட்ட எண்ணினார். 1722இல் வான்பரோ கடிதம் எழுதி அவ்வெண்ணத்தை வலியுறுத்தினார். அவர் மறைந்தபின் ஹாக்ஸ்மூர் அதனை வடிவமைத்தார். 1729இல் தொடங்கிய பணி, பிரபுவும் ஹாக்ஸ்மூரும் இறந்த பின்னரே முடிந்தது. நெருங்கிய தூண்கள் சூழ, வட்ட வடிவில், குவிமாடத்துடன் தனித்து நிற்கும் அம்மண்டபத்தின் உறுப்புகள் ரோமானிய மரபின. ஆனால் வாழ்வோர் இல்லத்திலிருந்து விலகி, புல்வெளி நடுவே இறந்தோர்க்கென ஒரு குவிமாடம் நிற்பது இங்கிலாந்துக்குப் புதிது. சூரத்துக்கோ அகமதாபாத்துக்கோ அது அன்றாடக் காட்சி.

விழா நடக்கும் ஆறு மாளிகைகளில் மற்றொன்றும் நம் நெஞ்சைத் தொடும். கிம்போல்டன் கோட்டையில்தான் அரகான் நாட்டுக் கேத்தரின், மன்னர் எட்டாம் ஹென்றியால் கைவிடப்பட்ட நிலையில், 1536 ஜனவரியில் உயிர் நீத்தார். கர்னாத்தாவை 1492இல் கைப்பற்றிய ஃபெர்டினாண்டு, இசபெல்லா இணையரின் மகள் அவர். மணப்பெண்ணாக 1501இல் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது அல்ஹம்ராவிலிருந்து. அங்கு வென்றவர் மகளாய் வாழ்ந்தவர், இங்கு தோற்றவராய் இறந்தார். மாதுளங்கனி அவருடைய சின்னம். ஸ்பானிய மொழியில் அக்கனியின் பெயரும் அந்நகரின் பெயரும் ஒன்றே. அவர் இறந்த பழங்கோட்டையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தபின், 1707 முதல் வான்பரோ அதற்குப் புதிய முகப்புகள் அமைத்தார். 1950 முதல் அங்கே பள்ளிக்கூடம் நடைபெறுகிறது.

இனி விழாவைப் பற்றி. கட்டடக் கலைஞர் ஒருவரின் பெயரால் நாடு தழுவிய நிகழ்ச்சிகள் நடத்துவது ஆங்கிலேயர்க்குப் பழகிவிட்டது. தோட்டக் கலைஞர் லான்சலாட் பிரௌனின் பிறப்பு முந்நூற்றாண்டை 2016இல் அவ்வாறே கொண்டாடினர். பிளென்ஹைமில் வான்பரோ கட்டிய பெரும்பாலத்தின் கீழறைகளை 1760களில் ஏரிநீரில் மூழ்கடித்தவர் இந்த பிரௌன்தான்! பொதுமக்களின் லாட்டரிப் பணம் பிரபுக்களின் மாளிகைகளைச் சீராட்டச் செலவாவது பற்றி அங்கேயே முணுமுணுப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் இவ்வகை விழாக்களால் பூட்டிய கதவுகள் திறக்கின்றன, பள்ளிச் சிறார் உள்ளே வருகின்றனர், இழுப்பறைகளில் கிடந்த வரைபடங்கள் வெளிச்சம் காண்கின்றன. கதவு என்னும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. பிளென்ஹைமின் எஜமானியான மார்ல்பரோ சீமாட்டி சாரா, செலவு மிகுதி என்று வான்பரோவோடு ஓயாமல் சச்சரவிட்டு, 1716இல் அவரைப் பணியிலிருந்து விலகச் செய்தார். 1725இல் அவர் தம் மனைவியோடும் கார்லைல் பிரபுவின் குழுவோடும் தாம் கட்டிய மாளிகையைக் காண வந்தபோது, உள்ளே விடக்கூடாதென்று காவலர்க்கு அவர் ஆணையிட்டிருந்தார். மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார் கலைஞர். அதே மாளிகை இன்று அவர் பெயரால் விழா எடுக்கிறது.

அவரே மரபுச் சின்னங்களுக்காக வாதாடியவர் என்பதையும் விழாக்காரர்கள் எடுத்துரைக்கின்றனர், சரியே. பிளென்ஹைம் வளாகத்தில் நின்ற உட்ஸ்டாக் பழைய அரண்மனையின் எச்சத்தை இடிக்காதிருக்க வேண்டி, 1709 ஜூனில் அவர் சீமாட்டிக்கு எழுதிய விண்ணப்பம், பழங்கட்டடப் பாதுகாப்பு வரலாற்றில் முன்னோடி ஆவணமாக மதிக்கப்படுகிறது. அங்கு வாழ்ந்தவர்களைப் பற்றிய நினைவை நூல்களைவிடக் கட்டடங்கள் உயிரோடு எழுப்புகின்றன என்பது அதன் சாரம். சீமாட்டி செவிசாய்க்கவில்லை, அது இடிக்கப்பட்டது.

நம் கலைஞர்கள் பக்கம் திரும்பினால் காட்சி கலவையானது. 1588இல் மறைந்த மிமார் சினானைத் துருக்கியர் மறக்கவில்லை. இஸ்தான்புல்லில் கலைப் பல்கலைக்கழகமே அவர் பெயரில் உண்டு. சினானுக்கு வாய்த்த பேறு, தம் வாழ்வைத் தாமே சொல்ல, அதனைக் கவிஞர் ஸாயி எழுதி வைத்தது. தாஜ்மஹாலோடு தொடர்புடைய உஸ்தாது அஹ்மது லாஹவ்ரி 1649இல் மறைந்தார். அவர் பெயரை வெனீசுக்காரர் ஒருவருக்கோ வேறெவருக்கோ ஐரோப்பியர் விட்டுக்கொடுத்துக் கொண்டிருந்த காலத்தில், மைந்தர் லுத்ஃபுல்லாஹ் முஹந்திஸின் பாடலைச் சான்றாக்கி, 1930களில் அல்லாமா சையிது சுலைமான் நத்வி அக்குடும்பத்தின் வரலாற்றை நிலைநாட்டினார். ஒரு மகனின் கவிதையும் ஓர் ஆலிமின் உழைப்பும் இல்லையேல் அப்பெயரும் போயிருக்கும். சூரத் இடுகாட்டில் அதுவும் இல்லை. ஆக்ஸிண்டன் மண்டபத்தின் லத்தீன் கல்வெட்டு இறந்தவரைப் புகழ்கிறது. இளைஞர் வான்பரோவின் கண்ணில் நிறைந்த அக்குவிமாடத்தைத் திரட்டிய கொத்தனாரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

வான்பரோ வேண்டியபடி அவரே அடங்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நகருக்கு வெளியே, மரநிழலில் அன்று. லண்டன் நகர நடுவே, ரென் கட்டிய புனித ஸ்டீஃபன் வால்புரூக் ஆலயத்தினுள், குடும்ப நிலவறையில் அவர் உடல் வைக்கப்பட்டது. அத்தனை பாரத்தைப் பூமியின்மேல் ஏற்றிய இவர்மீது பூமியும் பாரமாய் அழுத்தட்டும் என்று ஏப்ல் எவன்ஸ் எனும் பாதிரியார் கேலியாக இரங்கற்பா புனைந்தார்.

சூரத்தின் ஆங்கில, ஒல்லாந்துக் கல்லறைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1711இல் வரைந்த அச்சிறு படத்தின் ஒரு படியேனும் பாட்லியன் நூலகத்திலிருந்து பெற்று, ஆக்ஸிண்டன் மண்டபத்தின் வாயிலில் குஜராத்தி, உருது, ஆங்கிலக் குறிப்புகளுடன் வைப்பது பெரும் செலவாகிற காரியமன்று. முகல் சராயின் முற்றத்தில் நாலு நாள் கண்காட்சி நடத்த மாநகராட்சியால் முடியும். யார்க்ஷயர் குன்றில் ஹாக்ஸ்மூர் எழுப்பிய வட்ட மண்டபத்தின் ஒளிப்படத்தையும், குல்தாபாதின் திறந்த கப்றின் ஒளிப்படத்தையும் அதன் இருபுறமும் வைக்கலாம்.